செங்கேணி கடித்துப் பார்க்காத ஒன்று

பெரிய மார்க்கெட்டில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. சுற்றிலும் கூவல். ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு “யாரு, யாரு?” என்று கத்தினேன். “அண்ணே, அஞ்சலை பேசுறேன். அவரு பூட்டாருண்ணே” என்றது குரல். அஞ்சலை, செங்கேணியின் மனைவி. விடியற்காலையில் கோரிமேடு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததாம். “சரிம்மா, வர்றேன்” என்று மட்டும் சொன்னேன். மீன்காரம்மா, “இன்னா சார், கட்டவா வேணாவா?” என்றார். “கட்டு” என்றேன். நண்பன் செத்த செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, நெத்திலியையும் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கருவடிக்குப்பம் லேத்துப் பட்டறைக்காரர்கள் நீங்கள் எல்லாரும் சேர்ந்து செங்கேணிக்கு நினைவு மலர் போடுகிறீர்கள் என்றும், நான் ஒரு கட்டுரை தர வேண்டும் என்றும் கேட்டபோது முதலில் மறுத்தேன். இந்த மாதிரி மலர்களில் செத்தவர் எல்லாரும் நல்லவர், எழுதுகிறவர் அவரைவிட நல்லவர். எனக்கு அது ஆகாது. நான் எழுதப்போவது அவரைப் பற்றி மட்டுமில்லை, நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும்தான். படித்துவிட்டு மலரில் போட வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகக் கிழித்துப் போடுங்கள். ஆனால் அஞ்சலைக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டுக் கிழியுங்கள்.

உங்களில் பலருக்கு அவர் போர்வெல் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தவர். பஞ்சு மில்லில் டர்னராக இருந்து, மில் கதவடைத்ததும் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பழைய லேத்தைப் போட்டு உட்கார்ந்தவர். எனக்கு அவர் மவுத்பீஸ் செய்து கொடுத்தவர். நான் அந்துவான். பட்டாளத்தில் பேக்பைப் வாசித்து அவுல்தாராக ஓய்வு பெற்று வந்தவன். ஊரில் ஆறு பேரைச் சேர்த்து ஒரு பைப் பேண்டு நடத்துகிறேன். மாதா கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டு விழா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் வீட்டுச் சாவு, எல்லாவற்றுக்கும் போவோம். பாவாடை மாதிரி உடுத்திக்கொண்டு, கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு ஊதுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள்.

அந்தப் பைக்குள் காற்று போவது ஒரே ஒரு குழாய் வழியாக. குழாயின் மேல்முனையில், பல்லால் கடித்துக்கொள்ளும் ஒரு விரல் நீளச் சாமான்தான் மவுத்பீஸ். பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு துண்டு கழி, நடுவில் ஓட்டை. ஆனால் அது சரியில்லை என்றால் வாத்தியம் எத்தனை உசத்தியாக இருந்தாலும் வாசிக்கிறவன் பாதித் தெருவில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவான். எனக்குப் பட்டாளத்தில் லாரியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டு போய்விட்டது. கட்டுப்பல். கடையில் விற்கும் மவுத்பீஸ் எதுவும் அந்தப் பல்லுக்கு நிற்காது, நழுவும். பேண்டை மூடிவிடலாம் என்றிருந்த சமயத்தில்தான், சுனாமிக்கு முந்தைய வருஷம், யாரோ சொல்லி செங்கேணி பட்டறைக்குப் போனேன்.

உடைந்த பழைய மவுத்பீஸை நீட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. “பல்ல காட்டுங்க” என்றார். எனக்குக் கோபம் வந்தது. மாடு வாங்க வந்தவர் மாதிரி நிற்கிறாரே என்று நினைத்தேன். வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, கட்டுப்பல்லையும் சொந்தப் பல்லையும் பார்த்து, மேல்வரிசை கீழ்வரிசையில் எங்கே உட்காருகிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பையை ஊதிக் கக்கத்தில் வைத்து நேராக நிற்கச் சொன்னார். ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக் குழாய் முனைக்கும் என் உதட்டுக்கும் இடையே பிடித்து, நகத்தால் கிள்ளி அளவு எடுத்தார். “இத்தினி வருசமா குனிஞ்சி குனிஞ்சி ஊதியிருக்கீங்க. நீங்க பைப்புகிட்ட போவக்கூடாது அவுல்தாரு, பைப்பு உங்ககிட்ட வரணும்” என்றார். என் கழுத்து வலிக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

முதலில் செய்தது சரியாக வரவில்லை. ஓட்டை சின்னது. நாலு நிமிஷம் ஊதுவதற்குள் கண் இருட்டியது. ஓட்டையைப் பெரிசாக்கினார், சுவர் மெலிந்து என் பல் பட்டே கீறல் விட்டது. மூன்றாவதில் பிடித்துவிட்டார். ஓட்டை பைப் பக்கம் அகலம், வாய்ப்பக்கம் வர வர ஒரு நூல் குறைச்சல். உள்சுவரைப் பருத்தி நூலில் பாலிஷ் தடவி இழுத்து இழுத்து வழவழப்பாக்கியிருந்தார். உள்ளே சொரசொரப்பு இருந்தால் எச்சில் தங்கும், தங்கினால் நாறும் என்பது அவர் கணக்கு. வாய்க்குள் போகும் முனை உருண்டையாக இல்லை, மேலும் கீழும் தட்டை. உருண்டையாக இருந்தால் பல்லுக்கு நடுவில் உருளும், அதை நிறுத்தவே தாடை பாதிப் பலத்தைச் செலவழிக்கும். பல் போய் முட்டி நிற்க ஒரு சின்ன வரம்பு. கடிக்கும் இடத்தில் குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர் குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி உறையாக மாட்டியிருந்தார். வாயில் வைத்ததும், வைத்ததே தெரியவில்லை. என் பேண்டு பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

அவர் எடுத்த சரக்கு எபனைட். பழைய பேனாக்களுக்குப் போடும் கறுப்புக் கழி, மெட்ராஸிலிருந்து வாங்கி வருவார். பித்தளை மாதிரி பல்லில் சில்லிடாது, உதட்டில் உறுத்தாது, கடைசலுக்குப் படியும். ஒரே ஒரு பத்தியம் சொல்லித்தான் யாருக்கும் கொடுப்பார். “வெந்நி மட்டும் ஆவாது. பச்சத்தண்ணில கழுவு, துணியில தொடச்சிடு, அவ்ளோதான். வெந்நி பட்டா வளஞ்சிரும், நெறம் மாறிரும், கந்தக நாத்தம் அடிக்கும்.” என் பேண்டில் ஆறு பேருக்கும் இது மனப்பாடம். எனக்கும்தான்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பேக்பைப் வாசிக்கிறவன் இன்னொருவன் மவுத்பீஸில் வாய் வைக்க மாட்டான். கூடப் பிறந்தவனாக இருந்தாலும் மாட்டான். எங்களிடம் அது சட்டம் மாதிரி. அந்தச் சட்டத்தில் செங்கேணி ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தோம். ஏனென்றால் செய்து முடித்த ஒவ்வொரு மவுத்பீஸையும் அவர் தன் வாயில் வைத்துப் பார்ப்பார். அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது, பைப்பைக் கையாலும் தொட்டதில்லை. மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மவுத்பீஸைக் கடித்துக்கொண்டு ஒரு பாட்டு நேரம் மூச்சை விட்டு விட்டு இழுப்பார். நடுவில் எடுத்து, எங்கேயோ ஒரு இழுப்பு அரம் போடுவார். மறுபடி கடிப்பார். “வெரலுக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரியும். நான் கடிச்சிப் பாக்காத சாமான் இந்தப் பட்டறைய வுட்டு வெளிய போவாது” என்பார். அவர் கொடுத்த ஒரே உத்தரவாதம் அது.

வாய் கொப்பளித்தது புகையிலைக்காக. மில்லுக்குள் பஞ்சு, பீடி பற்ற வைக்க முடியாது. அதனால் எட்டு மணி நேரமும் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொண்டு வேலை செய்து பழகியவர். மில் போன பிறகும் அது போகவில்லை. போன வருஷம் இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்து ஆறவே இல்லை. கோரிமேட்டில் சதை எடுத்துப் பார்த்து, கேன்சர் என்றார்கள். கரண்ட் வைக்க வேண்டும், அதாவது ரேடியேஷன், நாள் குறித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள்.

அந்த இடைப்பட்ட நாளில்தான் என் மவுத்பீஸ் தேய்ந்து பொத்தலானது. கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. விஷயம் தெரிந்து அவரே கூப்பிட்டார். “வாய்யா அவுல்தாரு, சும்மா படுத்துக் கெடந்தா புண்ணுதான் ஞாபகம் வருது” என்று லேத்தில் நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடித்தார். கொப்பளித்தார். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. மவுத்பீஸை வலது பக்கமாக ஒதுக்கிக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். “இந்தப் பக்கம் நல்லாத்தான்யா இருக்கு” என்று சிரித்தார். பச்சைத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் பட்ட அந்த இடம் வழி முழுவதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கேன்சர் ஒட்டுவாரொட்டி இல்லை. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போயிருந்தபோது டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். தெரிந்திருந்தும், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு அதில் மவுத்பீஸைப் போட்டேன். ஒரு நிமிஷம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் போதுமா என்று சந்தேகம் வந்து இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு இடுக்கியால் பிடித்துத் தூக்கினேன். பிடித்த இடம் அமுங்கியது. நடுவில் வளைந்து தொங்கியது. கறுப்பு போய்ச் சாணிப் பச்சையாகியிருந்தது. சமையலறை முழுக்கக் கந்தக வாடை. என் மனைவி வந்து, “என்னாங்க, தீக்குச்சிய கொளுத்திப் போட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் ஒரு சாவுக்கு வாசித்தாக வேண்டும். வளைந்ததை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பட்டாளத்தில் இருந்தவன், எதற்கும் பயப்படாதவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. “வண்டி டேங்க் மேல வெயில்ல வெச்சிட்டேன்பா, வளஞ்சிடுச்சி. சரக்கு சரியில்லையோ என்னமோ” என்றேன். பொய் சொன்னது போதாதென்று பழியையும் அவர் சரக்கின் மேல் போட்டேன்.

செங்கேணி அதைக் கையில் வாங்கினார். விரலால் உருட்டினார். இடுக்கி பிடித்த இரண்டு தடத்திலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். இரும்பில் ஒரு தலைமுடி அளவுக் கீறலைப் பார்த்து எந்த டூல் போட்ட கீறல் என்று சொல்கிறவருக்கு அது என்னவென்று தெரியாதா? லேத்து மேல் ஓரமாக வைத்தார். அப்புறம், “சரக்குதான் சரியில்ல போலருக்கு. வுடு, வேற செஞ்சித் தர்றேன்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் வெட்கப்படக் கூடாதென்று பார்க்கவில்லை. அதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன், புரியாதவன் மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் அஞ்சலை என் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். புது மவுத்பீஸ் ஒரு பாலிதீன் கவரில் இருந்தது. கவரின் வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டியிருந்தார்கள், மருந்துக்கடைச் சாமான் மாதிரி. தின்பண்டமோ மருந்தோ அல்ல, ஒரு மவுத்பீஸ், அதற்கு எதற்கு இத்தனை கட்டு என்று அஞ்சலைக்கே புரியவில்லை. “ஒண்ணு சொல்லச் சொன்னாருண்ணே. இதுல அவரு வாய் வெக்கலயாம். அத மறக்காம சொல்லிடுன்னாரு. எதுக்குண்ணே?” என்றார். “எனக்குத் தெரியலம்மா” என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அதை வைத்து வாசித்தேன். அளவு, நீளம், தட்டை, வரம்பு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் ஓட்டை முடியும் விளிம்பில் ஒரு பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, விரலில் தட்டுப்படாது. இரண்டாவது பாட்டில் நாக்கு நுனி அதில் பட்டுக் கீறி, ரத்தச் சுவை வந்தது. அவர் பட்டறையிலிருந்து கடித்துப் பார்க்காமல் வெளியே போன முதல் சாமான் அது. எனக்குத் தெரிந்து அதுவே கடைசியும்.

கரண்ட் வைக்க ஆரம்பித்து மூன்றாவது வாரத்திலேயே பேச்சு போய்விட்டது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மூக்கு வழியாக ரப்பர் குழாய் போட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். மவுத்பீஸுக்கு உறை வெட்டிய குழாய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோரிமேட்டுக்கு பஸ் பிடித்து மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முதல் தடவை அஞ்சலை பக்கத்திலேயே இருந்தார் என்பது சாக்கு. இரண்டாவது தடவை செங்கேணி தூங்கிக்கொண்டிருந்தார் என்பது சாக்கு. மூன்றாவது தடவை சாக்கு எதுவும் இல்லை. அஞ்சலை டீ வாங்கப் போயிருந்தார், செங்கேணி விழித்திருந்தார், பக்கத்துக் கட்டில் காலி. “செங்கேணி” என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தன் பல்லைத் தட்டிக் காட்டி, என்னை நோக்கி விரலை ஆட்டினார். பல்லைக் காட்டு என்கிறார். புது மவுத்பீஸ் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கட்டுப்பல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பும் தோலுமாகக் கிடந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அந்தக் கவலை. குனிந்து வாயைத் திறந்தேன். நாக்கின் கீறல் தெரியக் கூடாதென்று நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு பல்லை மட்டும் காட்டினேன். எப்படி இருக்கிறது என்று புருவத்தால் கேட்டார். “சூப்பரா இருக்குபா. முன்னாடி செஞ்சத விட நல்லா இருக்கு” என்றேன். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனபோது நாங்கள் ஏழு பேரும் முன்னால் நடந்து வாசித்ததைப் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு வளைவில் நான் மட்டும் நிறுத்தி, திரும்பி நின்று துப்பிவிட்டு வந்ததையும் சிலர் பார்த்தீர்கள். வெற்றிலைக்காரன், சாவிலும் துப்புகிறான் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அது வெற்றிலை இல்லை, ரத்தம். அந்த மவுத்பீஸைத்தான் அன்றைக்கு மாட்டியிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பட்டறையை ஒழித்துக்கொண்டிருந்த அஞ்சலை, வளைந்து பச்சை பூத்த அந்தத் துண்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். “லேத்து மேலயே வெச்சிருந்தாருண்ணே. தூக்கிப் போடவான்னா, இருக்கட்டும்னாரு. யாரோ தெரியாத்தனமா வெந்நில போட்டுட்டாங்களாம். யாருன்னு கேட்டேன், சொல்லல. நீங்க பேண்டுக்காரங்க, உங்களுக்குத் தெரியுமா?” என்றார். கூடத்தில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அஞ்சலை, அது நான்தான். தெரியாத்தனமாகப் போடவில்லை, தெரிந்தே போட்டேன். உன் புருஷன் வாய் பட்டதென்று கொதிக்க வைத்தேன். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் கவரில் ஒட்டி உன் கையில் கொடுத்தனுப்பினார், அந்தச் சேதியையும் உன்னைச் சொல்ல வைத்தார். உன்னிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உன்னிடம் கேட்கிறேன். நீ கொடுக்காவிட்டாலும் அது நியாயம்தான்.

வளைந்த துண்டை அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை யாரும் கேட்டால் இனி உண்மையைச் சொல்வேன். கடைசியாகச் செய்ததை வைத்துத்தான் இன்றைக்கும் வாசிக்கிறேன். அந்தப் பிசிறு அப்படியே இருக்கிறது. நைஸ் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும், என் வீட்டிலேயே அரம் இருக்கிறது. இழுக்கவில்லை. ஒவ்வொரு தடவை வாயில் வைக்கும்போதும் நாக்கு தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்க்கிறது. விரலுக்கு இன்னும் தெரியவில்லை.